பெர்தா பென்ஸும் ஒரு லூஸ் காண்டாக்டும்

(மூன்றாமாண்டு மாணவி, ஆட்டோமொபைல் துறை)

பென்ஸ் கார் என்றால் தெரியாதவர்கள் யாரும் இருக்க முடியாது. நம் ஊரில் கல்யாணத்துக்கு ஒரு பென்ஸ் கார் வந்து நின்றால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு காரைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கார்ல் பென்ஸ் என்று முதலாண்டிலேயே படித்துவிட்டோம். இரண்டு மார்க் கேள்வி அது. ஆனால் அவர் மனைவி பெர்தா பென்ஸைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு வரி கூட நான் பார்த்ததில்லை. போன வருஷம் இன்பிளாண்ட் டிரெயினிங் போன இடத்தில் ஒரு வேன் என்னைப் படுத்திய பாட்டில்தான் அந்த அம்மாளின் கதை எனக்கு வந்து சேர்ந்தது. அதனால் வேனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். நான் போய் நின்ற முதல் நாள், பில் போடுகிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். என்னோடு வந்த மூன்று பையன்களும் உள்ளே போய் கையில் ஸ்பேனர் பிடித்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, அவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் கை அழுக்காகாத டிரெயினிங் என்ன டிரெயினிங்?

நாலாம் நாள் ஒரு ஸ்கூல் வேன் வந்தது. மூன்றாவது தடவையாக வருகிறதாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து சாவி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் நாள் முழுக்க ஐடிலிங்கில் விட்டாலும் நிற்காது! முதல் தடவை ரிலே மாற்றினார்கள். இரண்டாவது தடவை பெட்ரோல் பம்ப்பையே மாற்றினார்கள். டிரைவர் அண்ணன் அதற்குக் கடன் வாங்கித்தான் கொடுத்திருந்தார். வேனுக்குள் காலையும் மாலையும் குழந்தைகள். லாரி வருகிற ரோட்டில் திரும்பும்போது எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லும்போது அவருடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

இந்த விட்டுவிட்டு வரும் கோளாறு இருக்கிறதே, அதுதான் எலக்ட்ரிக்கல் வேலையிலேயே பெரிய தலைவலி. சுத்தமாக அறுந்துபோன வயரைக் கண்டுபிடிப்பது சுலபம். இருந்தும் இல்லாமலும் இருக்கிற வயர், நாம் தேடும்போது நல்ல பிள்ளையாக இருக்கும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். எல்லா லைனிலும் கன்டினியூட்டி இருந்தது, பீப் சத்தம் கேட்டது. வயரிங் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேனும் போய்விட்டது. இரண்டே நாளில் திரும்பி வந்தது, இந்தத் தடவை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வாரம் இரண்டு நாள் மட்டும் வரும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் டிரைவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேள்வி கேட்டார். நிற்பதற்கு முன்னால் இழுத்து இழுத்து நிற்குதா, சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நிற்குதா? டக்கென்றுதான் என்றார் டிரைவர். நேர் ரோட்டிலா, திரும்பும்போதா? இடது பக்கம் திரும்பும்போதும் ஸ்பீட் பிரேக்கரிலும்தான். பியூஸ் போயிருந்ததா? ஒரு தடவை கூட இல்லை.

அவ்வளவுதான், பாதிக் கோளாறு பிடிபட்டுவிட்டது என்றார் பெரியவர். யோசித்துப் பார்த்தால் எனக்கே புரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் வராமல் போனால் எஞ்சின் திணறித் திணறி நிற்கும். டக்கென்று நின்றால் இக்னிஷன் கரண்ட் போகிறது என்று அர்த்தம். அப்படியானால் பம்ப்பை மாற்றியது வீண் செலவு. பியூஸ் போகவில்லை என்றால் வயர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகவில்லை, வயர் உள்ளுக்குள்ளேயே விட்டுப்போகிறது. திரும்பும்போதும் குலுங்கும்போதும் என்றால் எஞ்சின் தன் மவுண்டிங்கில் ஆடும்போது எந்த வயர் வளைகிறதோ அங்கேதான் நோய்.

காயில் பாசிட்டிவ் முனையில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டி மறுமுனையை எர்த் செய்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஹார்னஸை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து மெல்ல அசைக்கச் சொன்னார், என்னை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்த நான் கை வைத்த முதல் வண்டி அது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கிளாம்ப்புக்குப் பக்கத்தில் கை போனதும் பல்பு மங்கியது, எஞ்சின் முக்கியது. மேலே இன்சுலேஷன் புதுசு போல இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே இருந்த செப்புக் கம்பிகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றதெல்லாம் ஒடிந்து கறுத்துப் போயிருந்தன.

அப்படியானால் என் மீட்டர் ஏன் பொய் சொன்னது? அது பொய் சொல்லவில்லை. கன்டினியூட்டி பார்க்கும்போது மீட்டர் அனுப்புவது மிகமிகக் குறைந்த கரண்ட். அதற்கு ஒரே ஒரு கம்பி இழை போதும். ஆனால் 12 வோல்ட், 55 வாட் பல்பு சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையை ஏற்றினால்தான் வயரின் யோக்கியதை தெரியும். ஆகவே சுமையோடு வைத்து இரண்டு முனைக்கும் நடுவே வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும், சும்மா இருக்கும் வயரில் ரெசிஸ்டன்ஸ் பார்த்துப் பிரயோஜனமில்லை. நான் தப்பாக அளக்கவில்லை, தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமன் வயரைச் சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டி, கிளாம்ப்புக்கு ரப்பர் வைத்து, எஞ்சின் ஆடுவதற்குத் தோதாகக் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினோம். மொத்தச் செலவு ஒரு பம்ப் விலையில் நூற்றில் ஒரு பங்கு கூட வராது. கை கழுவும்போது பெரியவர் சொன்னார், ஓடுகிற காரில் வயர் கோளாறு பார்த்த முதல் ஆள் ஒரு பொம்பளைதான், உனக்குத் தெரியுமா பாப்பா என்று. யார் என்று கேட்டேன். பென்ஸ் சம்சாரம் என்றார். அன்று ராத்திரியே தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பெர்தா ரிங்கர் 1849 மே 3 அன்று ஜெர்மனியில் பாடன் பகுதியிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வசதியான கட்டட வேலைக்காரர். குடும்ப பைபிளில் பிள்ளைகள் பிறந்த நாளை எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். அதில் தன் பிறப்பை எழுதிய இடத்தில், துரதிர்ஷ்டவசமாக இதுவும் பெண்ணாகிவிட்டதே என்ற அர்த்தத்தில் அப்பா எழுதியிருந்ததைச் சின்ன வயதிலேயே பெர்தா படித்துவிட்டார் என்று சொல்வார்கள். நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது இல்லையா?

பெர்தாவுக்கு மெஷின்களில் ஆர்வம் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் என்ஜினீயரிங் படிக்க வழியே இல்லை. அவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்த கார்ல் பென்ஸ், ரயில் எஞ்சின் டிரைவர் ஒருவரின் மகன். அப்பா இல்லாமல் அம்மா வளர்த்த பிள்ளை. கார்ல்ஸ்ரூஹே பாலிடெக்னிக்கில் படித்து 1864ல் முடித்தவர். ஆமாம், அவரும் பாலிடெக்னிக்தான்! கையில் கனவு உண்டு, காசு கிடையாது. 1871ல் மான்ஹைம் நகரில் ஒரு கூட்டாளியோடு பட்டறை போட்டார். கூட்டாளி சரியில்லை. அவருக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்ற நிலை வந்தபோது, பெர்தா தன் கல்யாணத்துக்காக வீட்டில் வைத்திருந்த சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிக் கொடுத்துவிட்டார். பிறகுதான், 1872 ஜூலை 20ல், கல்யாணம்.

சீதனம் கேட்பது தப்பு என்று நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம், சரிதான். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைத் தானே முடிவு செய்த ஒரு பெண்ணை நான் இந்தக் கதையில்தான் பார்த்தேன்.

அப்புறம் வந்த வருஷங்கள் கஷ்ட ஜீவனம். பிள்ளைகள் பிறந்தன, கடன் கழுத்தை நெரித்தது. கார்ல் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1879ம் வருஷக் கடைசி நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று புருஷனைப் பட்டறைக்குக் கிளப்பியவர் பெர்தாதான். அன்றைக்கு எஞ்சின் ஓடியது. ஊரில் புது வருஷ மணி அடிக்கும்போது இவர்கள் இருவரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி நின்றிருந்தார்களாம்.

1883ல் பென்ஸ் கம்பெனி ஆரம்பமானது. 1886 ஜனவரி 29 அன்று மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 37435 என்ற எண்ணில் பேட்டன்ட் விண்ணப்பம் பதிவானது. ஒற்றை சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைச் சக்தி. இன்றைக்கு நம் மொபெட் கூட அதைவிட அதிகம் இழுக்கும். பேட்டன்டில் பெர்தாவின் பெயர் இல்லை.

நம் துறைக்காரர்களுக்கு இந்த வண்டியில் பார்க்க வேண்டிய விஷயம் அதன் இக்னிஷன். அதே காலத்தில் டைம்லர் தன் எஞ்சினில் சூடேற்றிய குழாயை வைத்துப் பெட்ரோல் புகையைப் பற்றவைத்தார். பென்ஸ் மின்சாரப் பொறியையே நம்பினார். ஒரு பேட்டரி, நடுங்கும் காண்டாக்ட் கொண்ட ஒரு காயில், அங்கிருந்து பிளக்குக்கு ஒரு வயர். பேட்டரியின் சில வோல்ட்டைக் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றும். ஆகவே அந்த வயரின் மேலுறையில் எங்கே ஒரு கீறல் விழுந்தாலும் பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் குதித்துவிடும். எஞ்சின் ஒரு தரம் வெடிக்கும், ஒரு தரம் வெடிக்காது. குலுங்கினால் நிற்கும், குலுங்காவிட்டால் ஓடும். கார் பிறந்த நாளிலேயே இந்த நோயும் கூடவே பிறந்துவிட்டது என்றால் மிகையாகாது. 1902ல் ராபர்ட் பாஷ் கம்பெனியின் ஹொனோல்ட் ஹை வோல்டேஜ் மேக்னெட்டோவைக் கொண்டுவரும் வரை வண்டிக்காரர்களுக்கு இக்னிஷன்தான் பெரிய பயம்.

வண்டி தயார், ஆனால் வாங்க ஆளில்லை. குதிரை இல்லாமல் புகை விட்டுக்கொண்டு வரும் வண்டியைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள், சிரித்தார்கள். கார்ல் இன்னும் திருத்த வேண்டும், இன்னும் திருத்த வேண்டும் என்று பட்டறைக்குள்ளேயே சோதனை செய்துகொண்டிருந்தார். ஊரைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான் ஓட்டினார். திறமைசாலிகளுக்கே உரிய நோய் இது. வாங்குகிறவனுக்கு வேண்டியது, இது என்னை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்ற ஒரே கேள்விக்குப் பதில். அந்தப் பதிலைப் பட்டறைக்குள் வைத்துச் சொல்ல முடியாது என்பது பெர்தாவுக்குப் புரிந்திருந்தது. என் கன்டினியூட்டி டெஸ்டும் அதே கதைதானே! சுமை ஏற்றாமல் சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

1888 ஆகஸ்ட் மாத ஆரம்பம். பள்ளி விடுமுறை. விடிகாலையில் கார்ல் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பெர்தாவும் 15 வயது ஓய்கனும் 13 வயது ரிச்சர்டும் மூன்றாவது மாடல் வண்டியைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். புருஷனிடம் சொல்லவில்லை, அதிகாரிகளிடம் அனுமதி கேட்கவில்லை. போகிற இடம் ஃபோர்ட்ஸ்ஹைம், அம்மா வீடு. 100 கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு முன் எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனது கிடையாது. மேப் இல்லை, தார் ரோடு இல்லை, டூல்ஸ் சொல்லும்படியாக இல்லை, ஹெட்லைட்டும் இல்லை. பின்பக்கம் படுக்கை வாக்கில் இருக்கும் பெரிய ஃபிளைவீலைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஹைடல்பெர்க் வழியாகப் போய் வீஸ்லோக் ஊரை அடைந்தபோது எரிபொருள் தீர்ந்துபோகும் நிலை. அப்போது பெட்ரோல் பங்க் ஏது? லிக்ராயின் என்ற திரவத்தில்தான் வண்டி ஓடியது, அது கறை எடுப்பதற்காக மருந்துக் கடையில் விற்கும் சாமான். அந்த ஊர் மருந்துக் கடையில் இருந்ததை வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் அந்தக் கடையைத்தான் காட்டுகிறார்கள். தண்ணீர் கொதித்து ஆவியாகி எஞ்சினைக் குளிர்விக்கும் முறை என்பதால் கண்ட கிணற்றிலும் ஓடையிலும் நின்று நின்று தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. செயினுக்கு ப்ரூக்ஸாலில் ஒரு கொல்லரிடம் வேலை. மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த நீள ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை எடுத்தார்.

அடுத்து இக்னிஷன். வண்டி நின்றது. வயரின் மேலுறை தேய்ந்து போயிருந்தது. அதைப் பெர்தா கண்டுபிடித்த விதத்தை நான் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மீட்டர் கிடையாது, டெஸ்ட் லேம்ப் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. கண்ணும் காதும் விரலும்தான். வருஷக்கணக்காகப் புருஷன் பக்கத்தில் நின்று அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர் என்பதுதான் அவருடைய டூல் பாக்ஸ். காலுறை நழுவாமல் இருக்கக் காலில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றி வயரைச் சுற்றிக் கட்டினார். எஞ்சின் ஓடியது.

மலர்க் குழு நண்பர் ஒருவர் இந்த இடத்தில் துணி என்று மட்டும் போட்டுவிடலாமே என்றார். நான் சம்மதிக்கவில்லை. அன்றைய வயர்களுக்கே பருத்தி நூலும் பட்டு நூலும்தான் சுற்றுவார்கள், காய்ந்த துணி கரண்டைத் தடுக்கும். கையில் இருப்பதில் எது அந்த வேலைக்குப் பொருந்தும் என்று தெரிந்து எடுத்திருக்கிறார். அதை மறைத்து எழுதினால் அந்த அம்மாளின் அறிவைத்தான் மறைப்போம்.

இருட்டுகிற நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்து, சுகமாக வந்துவிட்டோம் என்று கார்லுக்குத் தந்தி கொடுத்தார். சில நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, வேறு வழியாக வண்டியிலேயே திரும்பினார். பவுஷ்லாட் என்ற கிராமத்தில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் பிரேக் கட்டைகளுக்குத் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். நாம் பரீட்சையில் எழுதுகிற பிரேக் லைனிங்கின் ஆரம்பம் அங்கேதான். வீடு திரும்பியதும் மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கார்லிடம் சொன்னார், அதுவும் வைக்கப்பட்டது. ஒரு டெஸ்ட் டிரைவ் ரிப்போர்ட்டில் வேறென்ன இருக்க வேண்டும்?

அதே வருஷம் மூனிக் கண்காட்சியில் வண்டிக்குத் தங்க மெடல் கிடைத்தது. பிறகு பிரான்ஸில் விற்பனை பிடித்துக்கொண்டது. 1900 வாக்கில் பென்ஸ் கம்பெனி உலகத்தின் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று. அந்தக் கதை எல்லோரும் எழுதியது, இங்கே வேண்டாம். 1906ல் கார்லும் மகன்களும் லாடன்பர்க் ஊரில் தனிக் கம்பெனி வைத்தார்கள். 1926ல் பென்ஸும் டைம்லரும் ஒன்றாயின. 1929 ஏப்ரல் 4 அன்று கார்ல் இறந்தார். பெர்தா அதற்குப் பிறகு 15 வருஷம் அதே வீட்டில் இருந்தார்.

கார்ல் படித்த கார்ல்ஸ்ரூஹே பாலிடெக்னிக் பிற்பாடு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருந்தது. அது 1914ல் கார்லுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. பெர்தாவுக்கு கௌரவ செனட்டர் என்ற மரியாதையைக் கொடுத்தது 1944 மே 3 அன்று, அவருடைய 95வது பிறந்த நாளில். சின்ன வயதில் அவர் நுழைய முடியாத அதே பாலிடெக்னிக். இரண்டு நாள் கழித்து, மே 5 அன்று, அவர் இறந்துபோனார்.

2008ல் அவர் போன பாதைக்கு பெர்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று பெயரிட்டு வழிநெடுகப் பலகை வைத்திருக்கிறார்கள்.

அந்த வேன் அதற்கப்புறம் ஒர்க்‌ஷாப் பக்கம் வரவில்லை. பம்ப்புக்காக வாங்கிய பணத்தை ஒர்க்‌ஷாப்பில் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் அதைக் கேட்கிற இடத்தில் இல்லை. அது மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. டிரெயினிங் முடிகிற வரை பில் மேஜைக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. வெட்டி எடுத்த அந்த ஒரு சாண் வயரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் எலக்ட்ரிக்கல் லேபில் மூன்றாவது மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். ஜூனியர்கள் யாராவது மீட்டரை வைத்துப் பாருங்கள், பீப் என்று சத்தம் போடும். அப்புறம் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டி வயரைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள்.